படத்தின் இடது ஓரம்

பலேர்மோவில் பின்னேரம் நாலு மணிக்குப் பால் தேநீர் குடிக்கிற சிசிலியர் ஒருவராவது உண்டா என்று கேட்டால், ஒருவர் உண்டு என்பேன். அவருக்கு அதைப் போட்டுக் கொடுப்பது நான்தான். ஊரெல்லாம் சின்னக் கோப்பையில் கறுத்தக் கோப்பியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு நடக்கும்போது, எண்பத்தேழு வயதான சிஞ்ஞோர் நீனோ மட்டும் தடித்த வெள்ளைக் கோப்பையில், சாயம் கனக்க, பால்விட்டு, இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீர் கேட்பார். கோப்பையின் பக்கத்தில் இங்கிலாந்து ரயில்வேயின் எழுத்துகள் தேய்ந்துபோய்க் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஸ்டேசன் மாஸ்டரின் மேசையில் இதே மாதிரி ஒரு கோப்பை இருந்தது. மன்னாரில் பிறந்தவன் சிசிலியில் ஒருவருக்கு இங்கிலாந்துத் தேநீர் ஊற்றுவதில் யாருக்கு என்ன லாபம் என்று அன்று யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன்.

சிஞ்ஞோர் நீனோவும் என்னைப் போல நாடு விட்டுப் போனவர்தான். இருபது வயதில் இங்கிலாந்துக்குப் போய், ஒரு சின்ன ஸ்டேசனில் பெட்டி தூக்கி, மேடை கூட்டி, காத்திருப்பு அறையின் நிலக்கரி அடுப்பை மூட்டி, அந்த ஸ்டேசனையே மூடும்வரை இருந்திருக்கிறார். திரும்பி வந்து நாற்பது வருடம் கடந்தும் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள அந்த மூன்றாம் மாடி வீட்டில் திருக்குடும்பப் படம் ஒன்று, மீதிச் சுவரெல்லாம் ரயில். தேநீர் முடிந்ததும் கணினியைத் திறக்கச் சொல்வார். இங்கிலாந்துக் கிழவர்கள் தங்கள் பழைய படங்களைப் போடும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. பச்சை இஞ்சின், மரக்கதவுப் பெட்டி, ஜன்னலை இறக்கும் தோல்பட்டி, தீயணைக்க மண் நிரப்பிய சிவப்பு வாளிகள். கீழே ஒருவர் அந்தப் புகை மணம் இனி வருமா என்று எழுதுவார். இன்னொருவர் எல்லாம் போய்விட்டது நண்பா என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாடு இருக்கிறது, வீடு இருக்கிறது, பென்சன் வருகிறது, பெட்டிக்கு வேறு வர்ணம் அடித்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா?

அந்தப் படங்களில் ஆட்கள் இல்லை என்பதை ஒருநாள் கவனித்தேன். மேடை இருக்கும், வாங்கு இருக்கும், மணிக்கூடு இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்கள். சிஞ்ஞோர் நீனோவிடம் கேட்டேன். ஆள் நின்றால் படம் கெட்டுவிடும் என்றார். ஆள் விலகும்வரை காத்திருக்க வேண்டுமாம். விலகாவிட்டால் கேட்டு விலக்க வேண்டுமாம். அதற்கும் நேரமில்லையென்றால் கழுவிய பிறகு ஓரத்தை வெட்டிவிடுவார்களாம். அவரும் இருபது வருடம் அப்படிப் பலருக்கு விலகி நின்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

என் அப்பா தலைமன்னார்ப் பாதையில் ஒரு சிறிய ஸ்டேசனில் வேலை செய்தார். கைகாட்டி இறக்குவதும், தொங்கும் தண்டவாளத் துண்டில் அடித்து ரயில் வருவதை அறிவிப்பதும், வளையம் கொடுப்பதும் அவர் வேலை. ஒற்றைப் பாதை என்பதால் அடுத்த ஸ்டேசன்வரை போக அனுமதிச் சாவி வேண்டும். அதை ஒரு பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து, மெல்ல வருகிற இஞ்சினின் பக்கத்தில் நின்று நீட்டுவார். டிரைவர் கையை உள்ளே விட்டு வாங்கிக்கொண்டு போவார். நான் மேடை வாங்கில் குந்தியிருந்து பார்ப்பேன். அந்த வாங்கின் இரும்புக் கால், சிவப்பு வாளிகள், வட்ட மணிக்கூடு எல்லாம் கப்பலேறி இங்கிலாந்திலிருந்து வந்தவை என்று அப்போது எனக்குத் தெரியாது; எங்களுடையவை என்றே நினைத்திருந்தேன். அப்பாவின் வலக்கை நடுவிரல் பாதிதான் இருந்தது. ரயில் பெட்டிகளைக் கொழுவும்போது நசிந்தது. சோறு பிசையும்போது அந்த அரைவிரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நிற்கும். இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய முகம் எனக்கு நினைவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எனக்குப் பன்னிரண்டு வயதில், சண்டையால் ரயில் நின்றுபோன அந்த வருடம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் வரவில்லை. அவருடைய படங்கள் இரண்டு எங்களிடம் இருந்தன, ஒன்று கலியாணத்தில் எடுத்தது, மற்றது அடையாள அட்டைக்கு எடுத்தது. தகரப் பெட்டியில் அம்மா பூட்டி வைத்திருந்தார். கடைசிச் சண்டையில் மன்னாரை விட்டு வன்னிக்குள் ஊர் ஊராக ஓடியபோது, ஓரிடத்தில் சைக்கிள் அச்சு வளைந்துவிட்டது. அரிசியா பெட்டியா என்று வந்தது. நான் அரிசியை ஏற்றினேன். அம்மா படத்தையாவது எடு என்றார். செல் விழுந்துகொண்டிருந்தது, திறப்பு எங்கே என்று தேட நேரமில்லை, நாளைக்கு வந்து எடுப்போம் என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

இப்போது அம்மாவுக்கு எழுபது வயது. காணாமல் போனவர்களின் குடும்பத்தார், அவர்கள் எங்கே என்று கேட்டு வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருக்கிறார்கள், அம்மா அங்கே போய் இருப்பார். எல்லோர் மடியிலும் ஒரு படம். அம்மாவிடம் ஒரு வெள்ளை மட்டை, அதில் அப்பாவின் பெயர் மட்டும். ஒருமுறை போனில் சொன்னார், "எல்லாற்றை கையிலையும் முகம் இருக்குத் தம்பி. என்ரை கையிலை எழுத்துத்தான் கிடக்கு." அது என்னைக் குற்றம் சாட்டச் சொன்னதல்ல என்று தெரியும். போர்கோ வெக்கியோச் சந்தையில் தக்காளி வாங்க நின்றவன், வாங்காமலே அறைக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாசி மாதம் ஒரு பின்னேரம், சிஞ்ஞோர் நீனோ தேநீர் குடித்து முடித்த கோப்பையை என் கையில் தந்துவிட்டுப் படங்களை நகர்த்தச் சொன்னார். இங்கிலாந்துப் படங்கள் முடிந்து, ஒருவர் தான் எடுத்த, வெளிநாடுகளில் ஓடிய இங்கிலாந்து இஞ்சின்கள் என்று போட்டிருந்தார். அதில் ஒன்று எங்கள் ஸ்டேசன். பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் இஞ்சின், எட்டிக் குனியும் டிரைவர். இடது ஓரத்தில், முகம் படத்துக்கு வெளியே போக, முழங்கைவரை மடித்த காக்கிச் சட்டை, நீட்டிய ஒரு கை, கையில் வளையம். நடுவிரல் பாதி.

கோப்பையைக் கீழே போட்டிருக்கிறேன். அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் அப்பா என்று இத்தாலியனில் சொன்னேன், பிறகு தமிழில் சொன்னேன். சிஞ்ஞோர் நீனோவின் கண்ணும் கலங்கிவிட்டது. கோப்பையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. படத்தை எடுத்தவருக்கு உடனே எழுதுவோம் என்று, அவரே தன் ஸ்டேசன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினார். மூன்றாம் நாள் நீண்ட பதில் வந்தது. வாசித்தால் எல்லாம் இஞ்சின். எந்தத் தொழிற்சாலையில் கட்டியது, என்ன எண், எப்போது உடைத்துப் பழைய இரும்புக்குப் போனது. அப்போதுதான் சிஞ்ஞோர் நீனோ என்ன எழுதினார் என்று பார்த்தேன். என் வீட்டில் வேலை செய்பவரின் தந்தை இந்த இஞ்சினோடு வேலை பார்த்தவர், படத்தைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார் என்று எழுதியிருந்தார். அவருடைய உலகத்தில் ஒருவன் ஒரு படத்தைப் பார்த்து அழுதால் அது இஞ்சினுக்காகத்தான் இருக்கும்.

நானே எழுதினேன். என் ஆங்கிலம் நொண்டி, ஆனால் நாலு வரி போதுமாக இருந்தது. அந்தக் கை என் அப்பாவுடையது. அவர் காணாமல் போய்விட்டார். எங்களிடம் அவருடைய படம் இல்லை. ஓரத்தை வெட்டுவதற்கு முன் இருந்த முழுப்படம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். பழைய பெட்டிகள் கூரைக்குள் இருக்கின்றன, தேடிப் பார்க்கிறேன் என்று உடனே பதில் வந்தது.

அங்கேதான் நான் பிழைவிட்டேன். பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுத்து, அப்பாவின் படம் கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"முகம் தெரியுதோ?"

"முழுப்படம் வரும் அம்மா. கொஞ்சம் பொறுங்கோ."

அடுத்த நாளே கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பெயரை மட்டையின் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றி எழுதுவித்து, மேலே படம் ஒட்ட இடம் விட்டிருக்கிறார். ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல் போனது. வியா மக்வேதாத் தெருவால் நடந்து போகும்போது ஐஸ்கிறீமோடு நிற்கிற உல்லாசப் பயணிகள் தங்களைத் தாங்களே படமெடுப்பார்கள், ஒரே முகத்தைப் பத்துத் தரம். ஒன்றைத் தாருங்களேன் என்று கேட்கவேண்டும்போல் இருக்கும். தேவாலயத்தில் முழந்தாளிட்டு, அந்த ஆங்கிலேயரின் கூரை ஒழுகியிருக்கக் கூடாது என்று மன்றாடினேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நாட்களில்கூட நான் அப்படி மன்றாடியதில்லை.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கூரை ஒழுகவில்லை. படச்சுருள் பத்திரமாக இருந்தது. அதில் வெட்டியது எதுவும் இல்லை, நீங்கள் பார்த்ததுதான் முழுப்படம் என்று எழுதியிருந்தார். அவர் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவர். அந்த நாளின் பக்கத்தையும் எடுத்து அனுப்பியிருந்தார். இஞ்சின் எண், நேரம், வெயில். அதன் கீழே இரண்டு வரி. 'மேடையில் ஊழியர் ஒருவர் நின்றார். தள்ளி நிற்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.'

நம்பாமல் இருக்க முடியவில்லை. அப்பா அப்படித்தான். யார் சொன்னாலும் தள்ளி நிற்பார். வளையம் கொடுக்கவேண்டி இருந்ததால் கையை மட்டும் உள்ளே நீட்டியிருக்கிறார். அந்த வேலை இல்லாவிட்டால் கையும் இருந்திருக்காது.

கடைசியாக ஒரு கேள்வி எழுதினேன். அவர் சிரித்தார் என்கிறீர்கள். அந்த முகம் எப்படி இருந்தது, உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள், ஒரு சொல் என்றாலும் போதும். இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார். நல்ல மனிதர், அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். 'மன்னிக்க வேண்டும். நான் இஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சிரிப்பு உட்பட. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"கையை வைச்சு ஆரைத் தம்பி தேடுறது?" என்றார். பிறகு அவராகவே, "சரி, அனுப்பு. விட்ட இடம் வெறுமையாக் கிடக்கு," என்றார்.

சித்தியின் மகள் பிறகு ஒரு படம் அனுப்பினாள். கொட்டகையில் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு முகம். அம்மாவின் மடியில் ஒரு ரயில். வீதியால் போகிறவர்கள் இந்த அம்மா ஏன் ரயிலை வைத்திருக்கிறார் என்று கேட்கிறார்களாம். முதலில் விளக்கம் சொன்னாராம், இப்போது சொல்வதில்லையாம்.

அதே படத்தைச் சிஞ்ஞோர் நீனோவும் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, தன் கதிரைக்கு நேரெதிரே மாட்டச் சொன்னார். என் அப்பாவுக்கு மரியாதையாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. புதுக் கோப்பையில் தேநீரை வைத்துவிட்டு, அன்று நான்தான் ஆணி அடித்து மாட்டினேன். மாட்டிய பிறகு அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. மடித்த சட்டைக்கு மேலே, சட்டகம் முடிந்து வெறும் சுவர் தொடங்குகிற இடத்தில், தோள் எங்கே வந்திருக்கும், கழுத்து எங்கே, தலை எங்கே என்று விரலால் அளந்துகொண்டு நின்றேன்.

"அந்தோனியோ," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "கொஞ்சம் தள்ளி நில். ரயில் தெரியவில்லை."

நான் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றேன்.