இடது மட்கார்டு

இது சத்தியமாக நடந்த கதை. சங்கராபுரம் மைதானத்தில் அன்றைக்கு ஒரு லட்சம் பேர். சரி, முறைக்காதீர்கள், நானூறு பேர் இருக்கும். அதில் பாதி ஆடுகள். அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிடுவேன். கொளஞ்சியப்பனை மட்டும் இழுக்க மாட்டேன், அவன் ஏற்கெனவே நொந்து கிடக்கிறான்.

டீக்கடையில் பேச்சைக் கிளப்பியவன் காசிநாதன்.

"இன்னாணா, கொளஞ்சியப்பன் கரும்பு வெட்டறத வுட்டுட்டு டிராக்டர்ல இடது மட்கார்டு மேல ஒக்காந்துகினு போறான்? கூலிகூட கெடையாதாம்."

காசிநாதனே அவன் கால்பந்து டீமில் முன்னால் ஆடியவன்தான். அவனுக்கே தெரியவில்லை. சொன்னேன்.

கரும்பு வெட்டி முடிக்கும்போது வயலில் மிஞ்சி நிற்கும் கடைசித் துண்டுக்குள் முயல் பதுங்கியிருக்கும். மூன்று பக்கமும் ஆட்கள் கத்திக்கொண்டே நெருக்குவார்கள். ஒரு பக்கத்தைச் சும்மா விடுவார்கள். முயல் அங்கேதான் ஓடும், அங்கேதான் வலை. கொளஞ்சியப்பன் அதை அப்படியே பந்தாட்டத்துக்குக் கொண்டுவந்தான். பின்னால் நாலு பேர், நடுவில் மூணு, முன்னால் மூணு. எதிர் கோல்கீப்பர் பந்தை எடுத்ததும் முன்னால் நிற்பவர்கள் பாய்ந்து எல்லோரையும் அடைக்க வேண்டும், ஒருத்தனைத் தவிர. பந்து அவனிடம் போனதும் அமுக்க வேண்டும்.

அந்தப் பொங்கலுக்குப் பரிசு ஒரு கிடா. எதிர் டீமில் வலது ஓரத்தில் தடுத்து ஆடும் பேக் இருசப்பன், கொளஞ்சியப்பனின் அக்கா சாலம்மாளின் புருஷன், கரும்பு டிராக்டர் டிரைவர். ஆட்டத்துக்கு முந்தின வாரம்தான் அக்கா தம்பியிடம் அழுதிருந்தாள்.

"மாமாவுக்கு எடது கண்ணு சுத்தமா தெரியலடா. கரும்புச் சோகையோட நுனி கிழிச்சிடுச்சி. யாராண்டயும் சொல்லிடாத. மொதலாளிக்குத் தெரிஞ்சா வண்டிய புடுங்கிக்குவாரு."

அவன் அப்போது யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, எனக்கே ரொம்பப் பின்னால்தான் சொன்னான். காசிநாதனிடம் மட்டும் சொன்னான்: "மாமாகிட்ட பந்து போறவரைக்கும் நில்லு. அப்புறம் அவரு எடது பக்கமா போ."

"ஏன் அந்தப் பக்கம்?"

"சொன்னத செய்டா."

தட்டிலிருந்து வடையை எடுப்பதுபோல் காசிநாதன் இரண்டு தடவை பந்தை எடுத்தான். இரண்டும் கோல். "இருசப்பா, எழுந்திரு, விடிஞ்சிடுச்சி!" என்று கூட்டம் சிரித்தது. ஆடுகளும் சிரித்தன.

இடைவேளையில் கொளஞ்சியப்பன் தண்ணீர் குடிக்கப் போனான். பக்கத்தில் டிராக்டர் முதலாளி தனசேகரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இவனுக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியுதா இல்லியா? வண்டிய வேற குடுத்து வெச்சிருக்கேன்."

கொளஞ்சியப்பன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். எதிரே சாலம்மாள் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். அவள் தம்பியையே பார்த்தாள்.

திரும்பி வந்ததும் காசிநாதனை நடுவுக்கு இழுத்துவிட்டான். இருசப்பன் பக்கம் யாரும் போகக் கூடாது என்றான். இருசப்பன் ராஜா மாதிரி ஆடினான். மூன்றுக்கு இரண்டு தோல்வி. கிடா போனது, வண்டி தப்பித்தது. தனசேகரன் "மொதல்ல சோம்பேறித்தனம் பண்ணிட்டான் பய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொளஞ்சியப்பன் அக்கா வீட்டுக்குப் போனான். "தோத்துட்டேன்கா."

"நீ தோத்தா நான் மறந்துடுவனா? மொதல்ல அந்தப் பக்கம் ஏன்டா ஆள வுட்ட?"

அவன் வாசலோடு திரும்பிவிட்டான்.

அதோடு போயிருந்தால் தேவலை. ஒருநாள் மலைபோல் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர், இடது ஓரத்தில் சைக்கிளில் வந்த பெரியவரை உரசப் பார்த்தது. அவர் வாய்க்காலில் குதித்துப் பிழைத்தார். கொளஞ்சியப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்த வண்டியை ரோட்டில் ஓட விட்டதே தான்தானே என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாளிலிருந்து மட்கார்டில் ஏறிவிட்டான். "மாமா, சைக்கிளு! மாமா, பள்ளம்!" தொண்டை கட்டிப் போகிறது. சாலம்மாள் இருவருக்கும் சோறு கட்டி அனுப்புகிறாள். தம்பியிடம் பேசுவது மட்டும் இல்லை.

சொல்லி முடிக்கும் முன்னே காசிநாதன் எகிறினான். "அப்ப வேணும்னே தோத்தானா? என் கிடாடா அது!"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே கேட்டிருந்த நாராயணசாமி கிளாஸை நங்கென்று வைத்தார். "கிடாவா ஒனக்கு முக்கியம்? எம்பொண்ணு அந்த ரோட்லதான் ஸ்கூலுக்குப் போவுது!"

"அதான் கொளஞ்சியப்பன் கூட போறானே!" என்றான் காசிநாதன்.

"அவனுக்கு ஜொரம் வந்தா? இப்பவே போய் தனசேகரன்கிட்ட சொல்றேன்!"

"போய்டுவியா நீ? இருசப்பன் வூட்ல அடுப்பு எரிய வேணாமா?"

"வெளிய சொல்லாதீங்கப்பா" என்று நான் நடுவில் புகுந்தேன். "ஊருக்கே சொன்னவன் நீதான்டா!" என்று இருவரும் என்மேல் திரும்பினார்கள். வெளியே டிராக்டர் ஹாரன் கேட்டது. நாராயணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை மறிக்க ரோட்டுக்கு ஓடினார், காசிநாதன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான், பெஞ்சு கவிழ்ந்தது.