எங்களைப் பற்றிச் சொல்ல ஒரு சிவப்பு வீடியோ

வெப்சைட்டில் தட்டுப் படங்களை ஏற்றுவதெல்லாம் சுலபமாக முடிந்தது. ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் இருந்ததே, அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் சீர்வரிசைத் தட்டு அலங்கரித்துக் கொடுப்பவள். தேங்காய்க்குக் கண் மூக்கு வரைந்து மாப்பிள்ளை, பெண்ணாக்குவேன். துண்டை மடித்து மயிலாக்குவேன். என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு என்கூட உட்கார்ந்து ஜரிகை ஒட்டுவார். தட்டுகளைப் படம் எடுப்பதும் அவர்தான். போன மழைக்காலத்தில் ஒரகடம் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் என் தட்டு யாருக்கும் ஆகவில்லை. மகள் வளைகாப்புக்குச் சொல்லி வைத்திருந்த தெருக்கோடி வீட்டம்மா, என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, “அப்புறம் சொல்றேம்மா” என்றார்கள். அந்த அப்புறம் வரவேயில்லை. ஏன், இதே கைதானே போன வருஷம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு லட்டு அடுக்கியது? கைக்கு என்ன வந்துவிட்டது இப்போது? நேரில் வந்தால்தானே நெற்றியைப் பார்க்கிறார்கள், வெப்சைட்டில் தட்டைப் பார்க்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டுமே.

அந்த ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு வெப்சைட்டோடு ஒரு வாசகம் தயாராகவே வந்திருந்தது: ‘ஆர்வமே எங்கள் பயணம்.’ பயணமாம், மண்ணாங்கட்டி. அழித்துவிட்டு, அவர் படம் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். தண்டலத்திலிருந்து வந்திருந்த அக்கா போனைப் பிடுங்காத குறை.

“இன்னாடி பண்ற? நல்ல காரியத்துக்குத் தேடிகினு வர்றவங்க இதப் பாத்தா ஓடிடுவாங்க. தட்டை மட்டும் போடு. நீ யாரு, இன்னான்னு எவன் கேக்கப் போறான்?”

“அவரு ஒட்டின ஜரிகை இருக்கலாம், அவரு இருக்கக் கூடாதாக்கா?”

“புள்ளைங்கள வச்சிகினு கீற. அத நெனச்சியா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

ஆனால் அவர் படம் எங்கே? எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனுஷன். கல்யாண போட்டோவில் யாரோ மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் போனில் தேடித் தேடி, கடைசியில் அந்தச் சிவப்பு வீடியோதான் கிடைத்தது.

கம்பெனி கேட்டில், உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று, போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வெளியே வந்ததும் உரித்துக்கொள்ள வேண்டியதுதான். இவர் பாதி நாள் மறந்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வருவார். ஒரு தடவை, “நீயும் வா, நாம ரெண்டு பேரும் பேசி ஒரு வீடியோ போடலாம்” என்று வலுக்கட்டாயமாக அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையைப் பார்க்காமலேயே பட்டனை அமுக்கி, கேமரா எங்களைப் பார்க்கும்படி போனை அரிசி டிரம்மில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். பேசி முடித்த பிறகுதான் ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. நான் கத்திய கத்தலில் அவர் அதை அழித்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

அது கிடைத்த அன்றுதான் முதல் தடவையாக முழுசாக ஓடவிட்டேன். திரை முழுக்க வெறும் சிவப்பு. குரல் மட்டும். “இவதான் எல்லாம் செய்றவ, நான் கூலியில்லா ஆளு.” நான் சிரிக்கிறேன். “ஒழுங்கா பேசுய்யா.” அப்புறம் என் கத்தல். அவர் எழுந்து வரும் சத்தம். ஸ்டிக்கரை உரிக்கிறார். ஐயோ! பளிச்சென்று வெளிச்சம், அதில் அவர் முகம், திரை கொள்ளாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு. “ஏட்டி, இம்புட்டு நேரமும் நாம தெரியவே இல்லட்டி!” அத்தோடு முடிந்துவிடுகிறது.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு அதையே அந்தப் பக்கத்தில் ஏற்றினேன். கீழே, “இவர் இப்போது இல்லை. தட்டுகளை நான் செய்கிறேன்” என்று எழுதினேன்.

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா முதலில் செய்தி அனுப்பினார்கள். தட்டெல்லாம் அழகாம், வீடியோதான் வேலை செய்யவில்லையாம். “கடைசி வரைக்கும் பாருங்கம்மா” என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: “பார்த்தேன்மா. மனசு கஷ்டமாயிடுச்சு. எங்க வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க, தப்பா நினைக்காதே.”

அக்கா அதைப் படித்தாள். “நான் சொன்னேன்ல? எடுத்துடுடி அத. வெறும் செவப்பா கீது, யாருக்கு இன்னா தெரியுது?”

அவளும் கடைசி வரை பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வீடியோவை ஓடவிட்டு போனை அவள் கையில் கொடுத்தேன். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் வந்தது, போயிற்று. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பித் தந்தாள்.

“கொஞ்ச நேரந்தான் தெரியறாரு” என்றாள். “இருந்துட்டுப் போவட்டும்டி.”