‘வரேன்’ சொல்லும் துஷ்யந்தி

இத்ரீஸ் அண்ணன் பேச்சின் கடைசியில் ‘லா’ போடும் போதெல்லாம் துஷ்யந்தியின் கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிடும். கோயிலைச் சுற்றும்போது எண்ணிக்கை தப்பாமல் இருக்க அவள் அம்மா வாங்கிய எண்ணும் கருவி அது. இப்போது அந்த நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரரின் பேச்சை எண்ணுகிறது. ஒரு பொட்டலம் சோறு கட்டுவதற்குள் பதினான்கு ‘லா’. “என்னா தங்கச்சி, என்னையவா எண்ணிக்கிட்டு இருக்கே லா?” என்று அவர் கேட்டால், டேட்டா எடுப்பதாகச் சொல்வாள். அவர் குழம்பை ஒரு கரண்டி குறைத்து ஊற்றுவார். அதையும் குறித்துக்கொள்வாள்.

நடத்தைப் பகுப்பாய்வாளராகப் பயிற்சி எடுக்கிறாள்; வயது இருபத்தொன்பது. ஒரு மனிதர் ஏன் ஒன்றைச் செய்கிறார், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று குறித்துக் குறித்தே சான்றிதழ் வாங்கும் படிப்பு. பினாங்கு முழுக்கத் தேடியும் அவளுக்கு ஒரு மேற்பார்வையாளர் அகப்படவில்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் ஒரு ஹெலன் அகப்பட்டார். நல்ல மனுஷி. கைப்பேசிச் சதுரத்துக்குள் கழுத்துவரை மட்டும் இருப்பவர். துஷ்யந்தி வேலை செய்யும் சுங்கை பினாங் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அங்கே யார் எதற்காக அழுகிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த ஹெலனுக்கு அனுபவம் வகை வகையாக வேண்டும். துஷ்யந்தி பார்த்த பதினொரு பிள்ளைகள் போதாதாம். வயது வந்த ஒருவரோடும் வேலை செய்தால்தான் களப்பயிற்சிக்குக் கையெழுத்து விழும். சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி ஊரெல்லாம் ஆள் பார்த்து, கடைசியில் சுகுமாரனைக் கண்டுபிடித்தாள்.

சுகுமாரனுக்கு நாற்பத்திரண்டு வயது; ஆட்டிசம் உள்ளவர். சுங்கை பினாங் அடுக்குமாடியில் அக்கா நல்லம்மாளோடு இருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கேன்டீனில் வேலை முடித்து நல்லம்மாள் மூன்று மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாள். செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்குத் துஷ்யந்தி வருவாள். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் சுகுமாரன். “ஒரு நிமிஷம் இருங்கண்ணே” என்றால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அறுபது நொடி இருப்பார். அறுபத்தொன்றாவது நொடியில் எதிரே வந்து நிற்பார். ஊரில் வேறு யாரும் நம் பேச்சுக்குத் தராத இந்த மரியாதையைத் துஷ்யந்தி ‘பிரச்சினை நடத்தை’ என்ற தலைப்பின் கீழே எழுதிவைத்தாள்.

பாடமெல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். சட்டை மடிப்பார், கோப்பை கழுவுவார். ஆறு மணிக்கு அவள் கிளம்பியதும்தான் வினை. கிரில் கதவருகே போய் உட்கார்ந்துவிடுவார். சோறு போட்டால் எழமாட்டார். கதவைச் சாத்தப் போனால் அலறுவார். ஹெலன் காணொளிகளைப் பார்த்தார். கவனத்தை ஈர்க்கத்தான் என்று தீர்ப்பளித்தார். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார். துஷ்யந்தி மூன்று வாரம் திரும்பிப் பார்க்காமல் போனாள். வரைபடத்தில் அலறல் கோடு மேலே மேலே ஏறியது. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

நல்லம்மாளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. “நீங்க போனதுலேர்ந்து படுக்குற வரைக்கும் பட்டினி கெடக்குறான் டீச்சர். வியாழக்கெழமையும் இப்படித்தான்னா, அப்புறம் நீங்க வர வேணாம்லா,” என்றாள்.

 துஷ்யந்தி முதலில் நினைத்தது ஹெலனின் கையெழுத்தைத்தான், பொய் சொல்வானேன். அப்புறம்தான் கதவடியில் ஆறிப்போய்க் கிடந்த சோறு ஞாபகத்துக்கு வந்தது. தன்னை நினைக்கத் தனக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்க் காணொளிகளை மறுபடி ஓட்டினாள். ஊரார் வாயை எண்ணிப் பழகிய விரல் முதல்முறையாக அவள் வாயை எண்ணியது. பையை எடுக்கும்போது “வரேண்ணே”. செருப்பு மாட்டும்போது “வரேங்க்கா”. படி இறங்கும்போது இன்னொரு “வரேன்”. அதற்கு நேரே, ஹெலனுக்காக அவளே ஆங்கிலத்தில் தட்டிவைத்த மொழிபெயர்ப்பு: பை பை. பாவம், ஹெலன் என்ன செய்வார்? வரேன் வரேன் என்று சொல்லிக்கொண்டே போகிற கூட்டம் நாம். வரேன் என்றவள் இதோ வந்துவிடுவாள் என்று சோற்றையும் தள்ளிவைத்துக் கதவைத் திறந்துவைத்த மனிதருக்கு, கவனத்தை ஈர்க்கும் நோயாம்!

வியாழக்கிழமை, கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லப் போவதாக அவள் சொன்னதும் நல்லம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “வெளக்கு வெக்கிற நேரத்துல, வாசல்ல நின்னு, அந்த வார்த்தைய சொல்லுவாங்களா டீச்சர்?” துஷ்யந்திக்கும்தான் நாக்கு எழவில்லை. அம்மா காதில் விழுந்தால் தலையில் குட்டுவாள். மிலோ டின்மேல் துஷ்யந்தி சாய்த்து வைத்திருந்த கைப்பேசிக்குள்ளிருந்து ஹெலன், தாமதம் எதற்கு என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

துஷ்யந்தி சுகுமாரன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நான் போறேன். செவ்வாக்கெழம நாலு மணிக்கு வருவேன்.”

நல்லம்மாள் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுகுமாரன் நாள்காட்டியைப் பார்த்தார். துஷ்யந்தி வெளியே காலை வைத்ததும் கிரில்லை இழுத்துச் சாத்தினார், பூட்டை மாட்டி அமுக்கினார், நேராகச் சாப்பாட்டு மேசைக்கு நடந்தார். தட்டில் கை வைத்தவர் நின்றார். திரும்பி வந்து, இன்னமும் பேசிக்கொண்டிருந்த ஹெலனை மிலோ டின்மேலிருந்து எடுத்து, கிரில் கம்பிகளுக்கு நடுவே வெளியே நீட்டினார்.

“இவங்களும் போறாங்க,” என்றார்.