கூப்பிடுவார் என்று இருந்த வரதராஜன்

ஸ்ரீரங்கத்தில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பத்தில் பிறந்த வரதராஜன், 1934-இல் சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். தொட்டியம் பக்கத்து வாழைகளை அழித்துக்கொண்டிருந்த வாடல் நோயை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். முதல் வருஷம் முடிந்ததும் பேராசிரியர் நல்ல வார்த்தை சொன்னால்தான் மேற்கொண்டு உதவி கிடைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். திருச்சிக் கல்லூரியில் அவனோடு படித்த நானும் அவன் சேர்ந்த பல்கலைக்கழகத்திலேயே இருந்தேன். ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் தங்கியிருந்தோம்.

பேராசிரியர் பெயர் கார்பெட். முதல் நாள் ஆய்வுக்கூடத்தைக் காட்டி, "வேண்டும்போது என்னிடம் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரது அதை உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டான். அவன் வளர்ந்த வீட்டில் சிஷ்யன் ஆசார்யன் முன்னால் தானாகப் போய் நிற்பதில்லை. அழைத்தால் போவான், கேட்டால் வாய் திறப்பான். அவன் தகப்பனார் அப்படித்தான் பாடம் கேட்டார். எனவே கார்பெட் ஆய்வுக்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் வரது எழுந்து நிற்பான். அவர் "குட்மார்னிங்" சொல்லிவிட்டுத் தம் அறைக்குள் போய்விடுவார். இப்படியே மாதங்கள் போயின.

"கதவைத் தட்டிட்டு உள்ள போடா" என்றேன்.

"கூப்பிடாம எப்படிடா போறது? நான் என்ன பண்றேன்னு அவருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும், ஞானக்கண்ணாலயா? இது என்ன பெருமாள் சன்னிதியா, திரை விலகட்டும்னு நிக்கிறதுக்கு?"

வரது சிரித்தான். "உனக்கென்ன பிலோமின், காலேஜ்ல பாதிரியார் சாப்பிடறச்சே உள்ள பூந்து மார்க்குக்குச் சண்டை போட்டவன்!"

அவனுக்குப் பக்கத்து மேஜை எர்னஸ்ட் என்ற வெள்ளைக்காரப் பையனுடையது. பாழாய்ப்போன சோதனையைக்கூடத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குள் ஓடுவான். இருவரும் தேநீர் குடித்துக்கொண்டே தர்க்கம் செய்வார்கள். "குருவோட இப்படியா வாயாடறது!" என்று வரது காதைப் பொத்திக்கொள்வான்.

வேலையில் அவன் சளைக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வாழைக் கன்றுகளைச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தான். பார்வைக்குப் பழுதில்லாத பக்கக்கன்றுக்குள்ளேயே நோய் ஒளிந்திருந்தது. குடியானவர்கள் தங்கள் கையாலேயே அதை வயலுக்கு வயல் நட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகடுகளில் அத்தனைக்கும் சாட்சி வைத்திருந்தான். என்னிடம் சொன்னான், அவரிடம் சொல்லவில்லை. "கேக்கட்டும், சொல்றேன்."

மே மாதம் ஸ்காலர்ஷிப்பைக் கவனிக்கும் லண்டன் அலுவலகம் பேராசிரியரிடம் அபிப்பிராயம் கேட்டது. அவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்: மரியாதையான மனிதர், இதுவரை என்னிடம் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை. ஸ்காலர்ஷிப் நின்றது. அதை நேரில் சொல்லிவிட வேண்டுமென்று கார்பெட் வரதுவுக்கு ஆள் அனுப்பினார்.

"கூப்பிட்டுட்டார்டா!" என்று டையைச் சரி செய்துகொண்டு ஓடினான்.

அறைக்குள் நடந்ததை அன்று மாலை அவனே சொன்னான். செய்தியைக் கேட்டதும் தகடுகளை எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறான். கார்பெட் ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். கடைசியில் தலையை நிமிர்த்தி, "இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் வரவில்லை?" என்றாராம்.

"நீங்கள் அழைக்கவில்லையே, சார்."

கார்பெட் கெட்டவரில்லை. மறுபடி லண்டனுக்கு எழுதினார். அதற்குள் அந்த இடம் வேறொருவனுக்குப் போயிருந்தது. வரது கப்பலேறுவதற்கு முன், வேலை வீணாகாமல் இருக்கட்டும் என்று தகடுகளை எர்னஸ்டிடம் விட்டுப்போகச் சொன்னார்.

"குடுத்துட்டியா?" என்று கத்தினேன்.

"அவர் கேட்டார், குடுத்தேன்."

ஊரில் கடல் தாண்டியதற்குப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்கள், செய்துகொண்டான். திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் வாத்தியார் வேலை கிடைத்தது. வாழை நோய் பற்றி எழுதி எர்னஸ்ட் டாக்டர் ஆனான்.

1938-இல் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஸ்ரீரங்கம் போய் வரதுவைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் காதோரம் நரைத்திருந்தது. அவன் மனைவி வேதவதி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எர்னஸ்ட் நன்னா எழுதியிருக்கானா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"என் பேரு எங்கயாவது?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். வரது காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். "அவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், பிலோமின்."

உள்ளே திரும்பிய வேதவதி நின்றாள். "நீங்க ஒரே ஒரு தடவை போயிருக்கலாம்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை.

வரது எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தலைப்பாகையை வைத்துக்கொண்டான். "ஸ்கூலுக்கு நாழியாயிடுத்து. நீ இரு, காபி சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வீதியில் இறங்கினான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வேதவதியும் நானும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.