சிவகாமசுந்தரி வந்த வீடு

மலாக்காவின் காஜா பெராங்கில் சிவகாமசுந்தரிக்கு ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுத்த வேலை இல்லை. வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் காட்டுக்குள் துப்பாக்கி தூக்கிவிட்டு, வீடு திரும்பி, பிறகு தன் கையாலேயே போய்ச் சேர்ந்தவர்களின் வீடுகளுக்குப் போவாள். கஞ்சி வைப்பாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், தாலி அறுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேச வைப்பாள்.

அவள் புருஷன் மாணிக்கவாசகமும் அப்படித் துப்பாக்கி தூக்கிய ஸ்பெஷல் கான்ஸ்டபிள்தான். நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த மறுமாதம் தூக்கில் தொங்கினான். பதினாறாம் நாள் கருமாதிக்குப் பண்டாரம் வரவில்லை. ஒரு சொந்தமும் கை நனைக்கவில்லை. தன்னை மாய்த்துக்கொண்டவன் வீட்டில் சாப்பிட்டால் தோஷமாம். உயிரோடிருந்தபோது அவனிடம் ஓசிக் கள் குடித்த வாய்கள்தாம் அவை. வடித்த சோறு முழுவதையும் அவள் சாக்கடையில் கொட்டினாள். இன்னொருத்திக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று அன்றைக்கே நினைத்தாள். ஒரு வருஷத்தில் நான்கு வீட்டுப் படி ஏறிவிட்டாள்.

ஐந்தாவது சந்திரமதியின் வீடு. அவள் புருஷன் தம்பிராஜா கிளேபாங் கடலில் கால் வழுக்கி விழுந்தான் என்றுதான் ஊர் நம்பியது. உடலைப் படகில் ஏற்றிய மீன்காரன் அப்துல், இடுப்பில் கட்டியிருந்த கல்லை அவிழ்த்துக் கடலிலேயே போட்டுவிட்டான். சந்திரமதியிடமும் சிவகாமசுந்தரியிடமும் தவிர யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. சிவகாமசுந்தரியும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு, கருமாதியன்று நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிடப் புறப்பட்டாள். பாவி, அங்கேதான் தப்பு செய்தாள்.

இலை போட்டுச் சோறும் பரிமாறியாயிற்று. வாசலில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அவள் எந்த மாதிரி வீட்டுக்குப் போவாள் என்பது ஊருக்கே தெரியும்.

முதலில் எழுந்தவர் தம்பிராஜாவின் சொந்த அண்ணன் கலியாணசுந்தரம்.

"அப்ப என் தம்பி வழுக்கி விழல. அப்படித்தானே?"

சந்திரமதி கையிலிருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சும்மாதாண்ணே வந்தேன்" என்றாள் சிவகாமசுந்தரி.

"நீ என்னைக்கும்மா ஒரு வீட்டுக்குச் சும்மா போயிருக்க?"

பண்டாரம் விபூதிப் பையைச் சுருட்டிக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். கலியாணசுந்தரம் தன் பிள்ளைகளின் வாயிலிருந்த சோற்றைத் துப்பச் சொல்லி இழுத்துப் போனார். அதைப் பார்த்த சிவகாமசுந்தரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீடு காலியானதும் சந்திரமதி பக்கத்து இலையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உட்காருங்கக்கா. ஆறுதல் சொல்லத்தானே வந்தீங்க? இப்ப யாருமில்ல. சொல்லுங்க."