ஆள் நுழைய வேண்டாத வளர்ப்பு மனை

கோயம்புத்தூரில் அவினாசி சாலையை ஒட்டிய ஒரு மேலாண்மைக் கல்லூரியில் நான் பகுதிநேர ஆசிரியை. காலை வேளைகள் என் இலக்கிய ஆய்வுக்கு உரியவை. பிற்பகலில் எம்.பி.ஏ. மாணவர்களுக்குத் தகவல் தொடர்புத் திறன் கற்பிப்பேன். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் ‘வளரும் டிஜிட்டல் தொழில்நுட்பங்கள்’ என்ற பாடத்தை நடத்திவந்தவர் பருவத்தின் நடுவில் வேலையை விட்டுவிட, துறைத்தலைவர் என்னை அழைத்தார்.

“நீங்க தெளிவா பேசறீங்க அம்மணி. ஸ்லைடெல்லாம் ரெடியா இருக்குது. பாத்துப் படிச்சு எடுத்துப்போடுங்க.”

“எனக்குத் தெரியாத பாடம்ங்க சார்.”

“தெரிஞ்சவரு பெங்களூரு போயிட்டாருங்களே, என்ன பண்றது?”

மறுமொழி இல்லாதபோது பேசாமல் இருப்பது என் வழக்கம். இந்த ஊரில் அது சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

முதல் வகுப்பிலேயே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “மேடம், நீங்க இலக்கியம்ங்களாமே? பிளாக்செயின் அகத்திணைங்களா, புறத்திணைங்களா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம், வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நூற்பாலை, இரும்பு வார்ப்பாலை, கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் உட்காரப்போகும் நாற்காலி அவர்களுக்காக ஏற்கெனவே துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சொந்த வீட்டுத் தொழிலில் ஒரு சிக்கலை எடுத்து, அதற்கு ஒரு தொழில்நுட்பத் தீர்வு செய்துவரச் சொன்னேன். காந்திபுரத்தில் புராஜெக்ட் செய்து விற்கும் கடைகளுக்குப் போய்ப் பாதிப்பேர் ஒரே தீர்வை வாங்கிவந்தார்கள். வெவ்வேறு ஆலைகளுக்கு ஒரே படம், ஒரே முடிவுரை. அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

கடைக்குப் போகாதவள் ஒருத்தி. தாராபுரம் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள்; பெரியதும் சிறியதுமாக இரண்டு வளர்ப்பு மனைகள். வெக்கை ஏறினால் புழு தழை தின்னாது. தின்னாத புழு கூடு கட்டாது. அதனால் மனைக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவற்றை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் சென்சார் ஒன்றை அவளே ஒயர் சுற்றி, சோப்பு டப்பாவுக்குள் அடக்கிச் செய்திருந்தாள். படிப்பு முடிந்ததும் சிறிய மனையை அவள் பொறுப்பில் விடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் சற்று உயரும்.

திட்ட அறிக்கையில் ‘சிக்கல்’ என்ற தலைப்பின்கீழ் அவள் எழுதியிருந்ததை நான் இருமுறை வாசித்தேன். “மாதத்தில் சில நாட்கள் வளர்ப்பு மனைக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. அந்த நாட்களிலும் புழுக்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

அவளாகவே சொன்னாள். “தீட்டுன்னா புழு நோவு புடிச்சுக்கும்னு சொல்லுவாங்க மேடம். எங்க பக்கம் நிறைய பேரு அப்படித்தானுங்க. அந்த நாள்ல வெளிய ஜன்னல்கிட்ட நின்னு, உள்ள வேலை செய்யறவங்கள ‘தெர்மாமீட்டர் என்னங்க காட்டுது’ன்னு கேப்பனுங்க. ‘நல்லாத்தான் இருக்குது போ கண்ணு’ம்பாங்க. நம்பரே சொல்லமாட்டாங்க. நான் ஜன்னல்ல நிக்கறதப் பாத்தாலே தழை வெட்டற ஆளுங்க வரைக்கும் எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோகும்ங்க.”

“இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாயா?”

“சென்சார் வெச்சது தெரியும்ங்க. எதுக்குன்னு தெரியாதுங்க.”

ஸ்லைடுகளில் நான் படித்த ‘பயனாளர் தேவை’ என்ற சொற்றொடருக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. அந்தப் பருவத்தில் என் கைக்கு வந்த உண்மையான சிக்கல் அது ஒன்றே.

துறைத்தலைவர் அறிக்கையைப் புரட்டி அந்த இடத்தில் நின்றார். “ஏனுங்க, இதையெல்லாமா எழுதறது? பேரண்ட்ஸ் வருவாங்க, கம்பெனிக்காரங்க வருவாங்க. லேபர் குறைப்புன்னு போடுங்க. ஆள் போகாமயே பண்ணை நடக்குது. அதானுங்க மேனேஜ்மென்ட்.” பிறகு, அறிக்கையை என் பக்கம் தள்ளினார். “வாக்கியமெல்லாம் உங்களுக்கு நல்லா வரும். நீங்களே மாத்திக் குடுத்துடுங்க.”

வாக்கியம் எனக்கு நன்றாகத்தான் வந்தது. “இத்தீர்வின் மூலம் வளர்ப்பு மனைக்குள் ஆள் நுழைய வேண்டிய தேவை முற்றிலும் நீங்குகிறது.” எழுவாயும் பயனிலையும் பிசகாத வாக்கியம், அவள் மட்டும் அதில் இல்லை. என் அடுத்த ஆண்டுப் பணி நீட்டிப்பும் அதே மேசையிலிருந்துதான் வர வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லிக்காட்டும் அளவுக்கு மரியாதை இல்லாதவர் அல்லர்.

மாற்றியதைக் காட்டியபோது அவள் சிரித்தாள். “பரவால்லீங்க மேடம். அப்பா வர்றாருங்க. அவரு முன்னாடி அது இல்லாம இருக்கறதே நல்லதுங்க. சின்ன மனை கைக்கு வந்தாப் போதும்ங்க.”

திட்டக் கண்காட்சிக்குப் பெற்றோர் வந்த நாளில் அவள் அப்பா ஆய்வகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வளர்ப்பு மனைக்குள் அப்படி நுழைந்தே பழகியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என்னைவிட மூத்தவர், என் வயதுக்குப் பொருந்தாத பணிவு காட்டினார். “பெரிய படிப்பு படிச்சவங்க நீங்க. எனக்குப் புரியறாப்பல தமிழ்ல சொல்லுங்க மேடமுங்க” என்றார். மேசைமேல் நிறுத்திய விளக்கப் பலகையில் இருந்ததைச் சொன்னேன். பலகையில் இருந்ததை மட்டுமே சொன்னேன்.

அவர் மகளின் கைப்பேசியில் தெரிந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே தன் கைப்பேசியில் வேலையாளைக் கூப்பிட்டார். “டேய், உள்ள போயி தெர்மாமீட்டரப் பாத்து சொல்றா. நல்லாருக்குதுங்கறதெல்லாம் வேண்டாம், நம்பரு சொல்லு.” சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது. இரண்டும் ஒத்துப்போயின. அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப உள்ள ஆளே போக வேண்டியதில்லீங்களா?”

“தேவையே இல்லீங்க!” என்றார் அருகில் வந்து நின்ற துறைத்தலைவர்.

“என்ற புள்ள செஞ்சதுங்க இது” என்று பக்கத்து மேசைக்காரரிடம் அவள் அப்பா சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவ்வளவு மகிழ்ச்சியை மறைக்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்லூரியின் புகைப்படக்காரர் சோப்பு டப்பாவை அவள் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தார்.

தேர்வெல்லாம் முடிந்து சான்றிதழ் வாங்க வந்தவள் என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். சிறிய மனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க மேடம். இந்தத் தடவை கூடு அருமையா வந்துச்சு. சென்சார் ஒருக்காக்கூட தப்பாச் சொல்லலீங்க.”

“நீதானே பார்த்துக்கொள்கிறாய்?”

அவள் சுவரைப் பார்த்தாள். “அந்த ஆப்ப அண்ணன் போன்ல ஏத்திப்போட்டாங்க. அவரு திருப்பூர்ல இருந்துட்டே பாத்துக்கறாருங்க. சூடு ஏறுனா அங்க இருந்து போன் போட்டு, சாக்க நனைச்சுத் தொங்கவுடச் சொல்றாரு.”

“நீ?”

“அப்பா சொன்னாருங்க, ‘இனி நீ அந்தப் பக்கமே போக வேண்டாம் கண்ணு. எந்த நாளு என்னன்னு ஆரும் நெனச்சுட்டு இருக்க வேண்டாம் பாரு. உனக்கும் சங்கடமில்ல, எங்களுக்கும் சங்கடமில்ல. உன்ற காலேஜ்லயே சொன்னாங்கல்ல, ஆளே போக வேண்டாம்னு.’”

என் வாக்கியம் தாராபுரம் போய்த் திரும்பி வந்திருந்தது. ஒரு சொல்லும் சிதையவில்லை.

“வேலையாட்கள் உள்ளே போகிறார்கள்தானே?”

“போகாம எப்படிங்க? தழை ஆரு போடறது? எல்லாரும் போறாங்க மேடம். நான்தானுங்க போறதில்ல. முன்னாடி மாசத்துல கொஞ்ச நாளு போகமாட்டேன். இப்ப எந்த நாளும் போறதில்லீங்க.”

“உன் கைப்பேசியிலும் எண் தெரியுமே?”

“தெரியுதுங்க. தெரிஞ்சு என்ன பண்றதுங்க?”

சண்டை போட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். “கோவமாச் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பனுங்க மேடம். பாசமாச் சொல்லிப்போட்டாரு” என்றாள். பிறகு, “போய்ட்டு வாரேனுங்க” என்றாள். போகிறேன் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அவள் திரும்பி வருவதற்கு அந்தக் கல்லூரியில் எதுவும் இல்லை.

இந்த ஆண்டும் அதே பாடம் என்னிடமே இருக்கிறது. பணி நீட்டிப்பு கிடைத்துவிட்டது. ‘வெற்றிக் கதை’ என்று தலைப்பிட்ட புதிய ஸ்லைடு ஒன்றைத் துறைத்தலைவர் சேர்த்திருக்கிறார். அதில் சோப்பு டப்பாவும் ஓர் உள்ளங்கையும் உள்ளன, முகத்தை வெட்டிவிட்டார்கள். கீழே என் வாக்கியம்.

நேற்று அந்த ஸ்லைடு வந்தபோது முன்வரிசைப் பெண்ணொருத்தி கேட்டாள். “மேடம், இத செஞ்ச அக்காதான் இப்ப அந்தப் பண்ணைய மேனேஜ் பண்றாங்களா?”

“இல்லை.”

“பின்ன ஆருங்க?”

நான் திரையை அணைத்தேன். கரும்பலகையில், அடித்துத் திருத்தப்படுவதற்கு முன் அவள் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதினேன். மாதத்தில் சில நாட்கள் வளர்ப்பு மனைக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. அந்த நாட்களிலும் புழுக்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். என் வகுப்பில் அத்தனை பேனாக்கள் ஒருசேர ஓடியதை நான் அதுவரை பார்த்ததில்லை. கேள்வி கேட்ட பெண்தான் முதலில் நிமிர்ந்தாள்.

“மேடம், இது எக்ஸாமுக்கு வருங்களா?”

“வராது” என்றேன்.

பேனாக்கள் நின்றன.