அக்கா வாங்கிய கறுத்த மேசை நாற்காலி

என் அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவாள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். அத்தானுக்குக் கண் மங்கத் தொடங்கும்வரை வீட்டிலும் அப்படித்தான்.

அத்தான் லேத் பட்டறையில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைந்தவர். போன வருடம் வேலையை விட்டபோது இடுப்புவலி என்றார். இடுப்பு எங்களையெல்லாம்விட நன்றாகத்தான் இருந்தது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் மனுஷன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். டாக்டர் சொல்லி வாங்கிய கைத்தடி பரணுக்குப் போய்விட்டது.

வெள்ளைச் சுவர், வெளிர் நிறத் தரை, மேசை நாற்காலியும் அதே நிறம், நடுவே கண்ணாடி டீப்பாய். இதுதான் அவர்கள் வீடு. எது எங்கே முடிகிறது என்று எனக்கே சட்டென்று பிடிபடாது. முட்டி மோதி அவர் காலில் காயம் ஆறவே இல்லை. கடைசியில் ஜன்னலோரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடிக்கக்கூட எழுவதில்லை. சொந்த வீட்டுக்குள் நடக்கவே மனுஷன் அஞ்சினார். அவரை மறுபடி நடக்க வைக்க வேண்டும், அதுவும் அவர் மானம் கெடாமல். அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாமானையெல்லாம் மாத்தப் போறேன், கூட வா" என்று என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் இளமஞ்சள் மரத்தைக் காட்டி, "சின்ன ஹாலுக்கு இதுதாம்மா. இடம் பெருசாத் தெரியும், பளிச்சுனு இருக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அக்கா கடைக்கோடிக்குப் போய், கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்த ஒரு மேசை முன் நின்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவளைத் தனியே தள்ளிக்கொண்டு போனேன்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? கண்ணு மங்குன மனுஷனுக்கு வீடு வெளிச்சமா இருக்க வேணாமா? இதைப் போட்டா குகை மாதிரி ஆயிடும்."

"வெள்ளைத் துணியில வெள்ளை சாக்பீஸால கோடு போட்டா எவ கண்ணுக்குடி தெரியும்?"

இதில் மட்டும் என்னைவிட அவளுக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தான்கிட்ட என்ன சொல்லுவ?"

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுவேன். ரசனை கெட்டவள்னு பேர் வந்தா எனக்கு வரட்டும்."

மேசை, நாற்காலி, சோபா, டீப்பாய் எல்லாம் கறுப்பாகவே வந்து இறங்கின. பேரும் வந்தது. அம்மா வாசலிலேயே முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது, அடுப்புக்கரியில செஞ்சு வாங்கிட்டு வந்தியா?" அக்கா கிளிப்பிள்ளை மாதிரி, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அத்தான் ஜன்னலோரத்தை விட்டு அசையவில்லை. அக்கா அவரைக் கூப்பிடவில்லை, கையைப் பிடிக்கவில்லை. எப்படித்தான் பொறுத்தாளோ, நானாக இருந்தால் கத்தியிருப்பேன். ஒரு மத்தியானம் நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது அவர் தானாகவே எழுந்தார். சோபாவைச் சுற்றி, புது டீப்பாயை விலகி, மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கை எதையும் தடவவில்லை.

அக்கா கரண்டியும் கையுமாகச் சிலை மாதிரி நின்றாள்.

"கடைக்காரன் நல்லா உன் தலையில கட்டிட்டான்" என்று சிரித்தார் அத்தான். அப்புறம் சிரிப்பு அடங்கியது. "மேசை தெரியுது. சோபா தெரியுது. நீதான் தெரியல. எங்க நிக்கிற?"

'தெரியல' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதே இல்லை. வெளிர் நிறப் புடவையில், வெள்ளைச் சுவரோடு ஒட்டியபடி, அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் அக்கா நின்றிருந்தாள்.

"இங்கதான்" என்றாள். கரண்டியை வைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே, முதுகு உயர்ந்த கறுத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப தெரியிற" என்றார். "மெலிஞ்சுபோயிட்டியே."